சங்கீத வாத்தியார் எங்கே தயாராக வேண்டும்?

வைத்தியம் படிக்கிறவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பழக்குகிறார்கள். அங்கே காய்ச்சல்காரனும் இருப்பான். கால் ஒடிந்தவனும் இருப்பான். பேச்சு மூச்சின்றிக் கிடப்பவனும் இருப்பான். இத்தனை பேரையும் பார்த்துத் தேறினவனுக்குத்தான் வைத்தியன் என்று பெயர். தேக சுகமுள்ள நான்கு பேருக்கு நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வந்தவனிடம் நாம் மருந்து வாங்கிக் குடிப்போமா?

ஆனால் சங்கீத வாத்தியாராகப் போகிறவர் விஷயத்தில் மாத்திரம் இந்தப் புத்தி நமக்கு இருப்பதில்லை. பிறந்தது முதல் வீட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்த இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் பாடியதும், “வாத்தியார் தேறிவிட்டார்” என்று சொல்லி விடுகின்றோம். தேறினது வாத்தியாரா, அல்லது அந்த வீட்டின் வசதியா என்று யாராவது கேட்டதுண்டா?

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கரிசல் காட்டில், விளாத்திகுளம் தாலூகாவைச் சேர்ந்த புதூரில் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் அரசாங்க இசைப் பள்ளியில் மூன்று வருஷம் வாய்ப்பாட்டுப் படித்து முடித்து, வாத்தியார் வேலைக்குப் போக விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பழகுவதற்கு அவளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோவில்பட்டி டவுனில் வசதியுள்ள இரண்டு வீடுகளில் ட்யூஷன் சொல்வது. மற்றொன்று, சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு வருஷம் உட்காருவது. முதல் வழியில் கொஞ்சம் பணம் உண்டு. இரண்டாம் வழியில்தான் படிப்பு உண்டு என்பது நமதபிப்பிராயம்.

ஏனென்று கேட்பீர்களானால், சங்கீதத்தைப் பற்றி நம் ஜனங்களின் மண்டையில் ஏற்றப்பட்டிருக்கும் பெரிய மூடநம்பிக்கை, அது பிறப்பிலே வருவது என்பதாகும். “பூர்வ ஜென்ம வாசனை” என்பார்கள். “ரத்தத்திலே ஊறியது” என்பார்கள். “சரஸ்வதி கடாட்சம்” என்பார்கள். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அதாவது, இன்னார் பிள்ளைக்கு வரும், இன்னார் பிள்ளைக்கு வராது என்பதுதான். பாடும் வீட்டுப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லிப் பழகின வாத்தியாருக்கு இந்தப் பொய் மெய்யாகவே தோன்றும். அவர் கண்ணுக்கு வேறு பிள்ளை தென்படாதபோது அவர் வேறு என்னதான் நினைப்பார்?

இந்தக் கரிசல் பூமியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதூருக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில்தான் முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் வருஷத்தில் காலமானார். அதே எட்டயபுரத்தில்தான் சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்ற பெரும் புஸ்தகத்தைச் சுரக்குறிப்புடன் அச்சிட்டு வெளியிட்டார். அருமையான வேலைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அது தெலுங்கு எழுத்தில் வந்தது. இப்பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற சம்சாரிகள் ஏராளம். அவர்களிலும் தெலுங்கு எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வீட்டு வாசலிலேயே விளக்கு எரிந்தும் வெளிச்சம் உள்ளே வரவில்லை.

தீட்சிதர் திருவாரூரில் மத்தளம் வாசிக்கும் தம்பியப்பன் என்பவருக்கும், தஞ்சை நட்டுவனார் சகோதரர் நால்வருக்கும் பாடம் சொன்னார் என்று சொல்லப்படுகிறது. சொன்னது அவருக்குப் பெருமையே. ஆனால் நம்மவர்கள் ஞாபகம் வைத்திருப்பது என்ன? கிரகங்களைப் பற்றிக் கீர்த்தனை பாடித் தம்பியப்பனின் வயிற்று வலி தீர்ந்த கதையைத்தான். வயிற்று வலி போன கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள், அவருக்குப் பாடம் ஏறின விதத்தை எழுதி வைத்தார்களா என்று கேட்கின்றோம். அதை எழுதி வைத்திருந்தால் இன்று புதூர்ப் பெண்ணுக்கு அது உதவியிருக்குமே! விளாத்திகுளத்தில் ராக ஆலாபனைக்குப் பேர் போன நல்லப்பரையும் ‘சுவாமிகள்’ ஆக்கி விட்டோம். பாடத் தெரிந்தவரைச் சாமியாக்கினால், எப்படிக் கற்றார் என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

நிற்க, புதூர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் என்ன கற்பாள் என்று பார்ப்போம்.

முதலாவது, சுருதி. தன் தொண்டைக்கு ஒத்த கட்டையை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதையும் பாடச் சொன்னால், பாதிப் பிள்ளைகளுக்கு எட்டாது. பதிமூன்று பதினான்கு வயதுப் பையனுக்குக் குரல் உடையும் காலம். அவன் தாராளமாய்ப் பாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று கரகரப்பான். விஷயம் தெரியாத வாத்தியார், “உனக்குச் சங்கீதம் வராது” என்று அவனை உட்கார வைத்து விடுவார். தெரிந்த வாத்தியார் சுருதியை இறக்குவார். உலகத்தில் பிறவியிலேயே சுர பேதம் காதில் ஏறாதவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களெல்லாம் பழக்கம் போதாதவர்கள் மாத்திரமே.

இரண்டாவது, கண் தெரியாத பிள்ளை. குருடர்க்கு எழுத்துக் கண்டுபிடித்த பிரான்ஸ் தேசத்து லூயி பிரெயில் தாமே பார்வையற்றவர், ஆர்கன் வாசிப்பவர். 1829இல் அவர் வெளியிட்ட முதல் புஸ்தகத்திலேயே சங்கீதத்தையும் புள்ளிகளால் எழுதும் முறை உண்டு. காது கேளாத பிள்ளையோ என்றால், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஈவ்லின் கிளெனி என்ற அம்மையாரைப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குள் அவருக்குச் செவிப்புலன் பெரும்பாலும் போய்விட்டது. அவருடைய வாத்தியார், “உனக்கு இது ஆகாது” என்று சொல்லவில்லை. சுவரில் கையை வைக்கச் சொல்லி முரசை அடித்தார். எந்த ஒலி உடம்பில் எங்கே அதிர்கிறது என்று பழக்கினார். அந்த அம்மையார் உலகப் புகழ் பெற்ற தாள வாத்தியக்காரர் ஆனார். நம் கரிசல் காட்டில் உறுமிக்கும் பறைக்கும் தவிலுக்கும் என்ன குறைச்சல்? ஜமீன் கோடாங்கிபட்டித் தேவராட்டத்தின் தேவதுந்துபி அடித்தால் நெஞ்சுக்கூடு அதிரவில்லையா?

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம். வகுப்பில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள் மகள் இருப்பாள். கரிமூட்டம் போடுகிறவன் மகன் இருப்பான். தகப்பன் இழவு வீட்டில் பறை அடித்ததற்காக ஊரார் வாயில் வசவு வாங்கின பையனும் இருப்பான். புதிய வாத்தியார் நல்லெண்ணத்தோடேயே, “தம்பி, உனக்குத்தான் பறை நன்றாக வருமே, நீ அடி” என்று சொல்லி விடுவார். இதற்குப் பேர் பாராட்டா? குலவித்தை என்னும் பழைய விலங்குக்கு முலாம் பூசி மறுபடியும் மாட்டுவதல்லவா? “என் பிள்ளை அதைத் தொடவே வேண்டாம்” என்று அந்தத் தாய் சொன்னால், அவளுக்குக் காரணம் இருக்கிறது. அவன் வயலின் பிடிக்கட்டும். பறையைக் கணக்குப்பிள்ளை மகனும், கடைக்காரர் மகளும் அடித்துப் பழகட்டும். எல்லாரும் அடித்தால்தான் அது வாத்தியமாகும். ஒருவனே அடித்தால் அது ஜாதியாகவே இருக்கும். பறை ஆசான் வேலு அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷமே. ஆனால் பட்டம் டில்லியில் கொடுத்தால் போதாது. புதூர் வகுப்பறையில் மரியாதை கொடுக்க வேண்டும்.

மரியாதை தானாக வரவில்லை என்பதற்கு நாதசுரமே சாட்சி. மேல்ஜாதியார் முன் தோளில் துண்டு போடக் கூடாது என்று நாதசுரக்காரரை வைத்திருந்த நாட்டில், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, சட்டை போட்டு, மேடையில் சமமாக உட்கார்ந்து வாசித்தார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் காலமாகும் வரை பேரோடும் புகழோடும் விளங்கினார். அவர் வாழ்ந்த ஊர் இந்தக் கோவில்பட்டியே.

“எல்லாரையும் சேர்த்தால் தரம் குறைந்துவிடும்” என்று சில சங்கீத வித்வான்கள் சொல்லுவார்கள். ஜப்பானில் சுசூகி என்ற வயலின் வாத்தியார், தாய்மொழி பேசாத குழந்தை இல்லாததுபோல, பழக்கினால் சங்கீதம் வராத குழந்தையும் இல்லை என்ற கொள்கையை வைத்தே ஒரு போதனா முறையை உண்டாக்கினார். அது பல தேசங்களில் பரவியிருக்கிறது. அங்கே தரம் குறைந்தா போயிற்று? ச ரி க ம என்ற சுரங்களுக்கு ஜாதியும் இல்லை, சாமியும் இல்லை. ஏழு சுரத்துக்கும் இல்லாத தீட்டு, பாடுகிற வாய்க்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

சர்க்காரின் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். சென்னை மியூசிக் அகாடமி 1931லேயே சங்கீத ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கிற்று. வாத்தியாருக்குப் பயிற்சி வேண்டும் என்பது புதிய சங்கதி அல்ல. ஆனால் 2012இல் தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் ஓவியம், தேகப் பயிற்சி, தையல், பாட்டு முதலியவற்றுக்கென்று 16,000க்கு மேற்பட்டவர்களை நியமித்தபோது, எப்படி நியமித்தார்கள்? பகுதி நேரமாக, மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில்! கணக்குக்கு முழு வாத்தியார், பாட்டுக்கு அரை வாத்தியார் என்றால், ஏழைப் பிள்ளைக்குப் பாட்டு எதற்கு என்பதுதானே அதன் அர்த்தம்?

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இப்போது மேலாண்மைக் குழு உண்டு. அதில் பெற்றோர்களாகிய நீங்கள் இருக்கிறீர்கள். இசைப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளைகளை ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு முழு வருஷம் நம் பள்ளிக்கூடத்தில் பழக அனுப்ப வேண்டும், அவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமாவது பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்புங்கள். வாத்தியாராகப் போகிறவர்களுக்கு நாம் சொல்வதும் ஒன்றுதான். பாடத் தெரிந்த பிள்ளையைப் பாட வைத்ததைச் சாமர்த்தியமென்று எண்ணாதீர்கள். “உனக்கு வராது” என்று நாலு பேர் சொல்லி மூலையில் உட்கார வைத்த பிள்ளையிடம் போங்கள். அந்தப் பிள்ளை வாய் திறக்கிற அன்றைக்குத்தான் நீங்கள் வாத்தியார். அதுவரையில் நீங்களும் மாணாக்கரே.