உயர் இரத்த அழுத்தம்: சோடியம் குறைந்த உப்பு எல்லோருக்கும் ஏற்றதா?

வீட்டுச் சமையலில் வழக்கமான உப்புக்கு மாற்றாக, சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. இவ்வகை உப்பு கடைகளில் ஏற்கெனவே கிடைக்கிறது. ஆயினும், இவ்வழிகாட்டுதல் எல்லோருக்கும் உரியதன்று என்பதை வாங்குவதற்கு முன் அறிந்துகொள்வது அவசியம்.

பரிந்துரைக்கு வலுவான அடிப்படை உண்டு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியோரிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் முன்னரே பக்கவாதம் கண்டவர்கள். ஏனையோர் உயர் இரத்த அழுத்தமுள்ள முதியோர். ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களும், அத்தகையோர் வாழும் வீட்டினரும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

காரணம் எளிது. உடலில் மிகுந்த பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அதன் செயல்பாடு குறைந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். சில வேளைகளில் முன்னறிகுறியே தோன்றாது. எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய மருந்துகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. இவை இரத்த அழுத்தத்திற்குப் பரவலாக வழங்கப்படுபவை என்பதால், இவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் கேட்டு, தேவையெனில் பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொண்ட பின்னரே உப்பை மாற்ற வேண்டும். உப்பை மாற்றுவதற்காக மாத்திரையை நிறுத்துதல் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இவ்வழிகாட்டுதல் பொருந்தாது. நம் வீடுகளில் குழம்பு ஒரே பாத்திரத்தில் கொதிக்கிறது. ஆகவே நோயாளி ஒருவரை மட்டுமன்றி, அவருடன் உண்போர் அனைவரையும் எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இந்துப்பு இதற்கு மாற்றாகாது. அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பும் விற்பனைக்கு வருகிறது. "இயற்கையானது" என்னும் சொல் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் அது கட்டுக்குள் இருப்போர் 2020 கணக்கெடுப்பில் 7.3 சதவீதம், அடுத்த கணக்கெடுப்பில் 17 சதவீதம். இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். எனினும் நூறில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வதோடு, சமையலறையின் உப்புக் கணக்கும் இங்கே கருதத்தக்கது.

எவ்வகை உப்பு என்பதைவிட எவ்வளவு உப்பு என்பதே முதல் வினா. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் குறைந்தது 50 நாள் வர வேண்டும். மாதம் ஒன்றரைப் பொட்டலம் தீர்ந்தால், தேவைக்கு இருமடங்கிற்கும் மேல் சேர்கிறது என்று பொருள். சோடியம் குறைந்த உப்பின் சற்றே மாறுபட்ட கசப்புச் சுவையை ஈடுகட்ட ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டால், மாற்றியதன் பயன் கரைந்துவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, இஞ்சி, கொத்தமல்லி ஆகியவற்றின் சுவை உப்பின் குறையை ஓரளவு மறைக்கும். சோற்றில் உப்பிடும் பழக்கத்தை முதலில் விடலாம். குழம்பிலேயே உப்பு இருக்கிறதே.

பொட்டலக் கணக்கில் வாராத உப்பும் உண்டு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவை நாள்தோறும் இலையில் வேண்டியதில்லை. கடையில் வாங்கும் மிக்சர், முறுக்கு, பிஸ்கட் ஆகியவற்றின் உறையில் சோடியத்தின் அளவு மில்லிகிராமில் அச்சிடப்பட்டிருந்தால், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 400 மில்லிகிராம் சோடியம் என்பது 1 கிராம் உப்பு. அந்த எண் 100 கிராமுக்கு உரியதா, ஒரு பரிமாறலுக்கு உரியதா என்பதையும் சேர்த்துப் பார்க்கவும்.