ஆரஞ்சே இல்லாத ஆரஞ்சு ஒயின்!

ஹங்கேரியில் 'நரஞ்ச்போர்' என்று ஒரு ஒயின் உண்டு. 'நரஞ்ச்' என்றால் ஆரஞ்சு, 'போர்' என்றால் ஒயின். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாலும் உள்ளே ஒரு ஆரஞ்சுச் சுளை கிடைக்காது. முழுக்க முழுக்கத் திராட்சைதான், அதுவும் பச்சைத் திராட்சை.

'நரஞ்ச்' என்ற சொல் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? சம்ஸ்கிருத 'நாரங்க', பாரசீக 'நாரங்' என்று ஊர் ஊராகச் சுற்றி ஐரோப்பா போன சொல் அது. அதன் ஆதி வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்று மொழி ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஊறுகாய் போடும் நாரத்தங்காயும் அந்தக் குடும்பம்தான்!

சரி, ஆரஞ்சு இல்லாமல் ஆரஞ்சு நிறம் எப்படி வருகிறது?

ரகசியம் தோலில் இருக்கிறது. கறுப்புத் திராட்சையோ பச்சைத் திராட்சையோ, பிழிந்தால் வரும் சாறு பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். கறுப்புத் திராட்சையைத் தோலோடு நொதிக்க விட்டால் சிவப்பு ஒயின். பச்சைத் திராட்சையைப் பிழிந்து, தோலை உடனே ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விட்டால் வெள்ளை ஒயின். பச்சைத் திராட்சையையும் சிவப்பு ஒயின் போலவே தோலோடு ஊற விட்டால்? அதுதான் ஆரஞ்சு ஒயின். சில நாள்கள் ஊறுவதும் உண்டு, மாதக்கணக்கில் ஊறுவதும் உண்டு. கொதிக்கக் கொதிக்க டீ நிறமேறித் துவர்ப்பது போலத்தான், தோல் ஊற ஊற சாறு தேன் நிறத்துக்கும் செம்பு நிறத்துக்கும் மாறும். நாக்கில் ஒரு துவர்ப்பு பிடிக்கும். உலர்ந்த ஆப்ரிகாட், வால்நட் வாசனை வரும் என்பார்கள். (பார்க்க ஜூஸ் மாதிரி இருந்தாலும் மது மதுதான். உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை இதற்கும் சேர்த்துத்தான்.)

முறை பழசு, பெயர்தான் புதுசு. 2004-ல் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி, சிசிலியில் வேலை பார்த்தபோது வைத்த பெயர் அது. அதற்குள் சிக்கலும் வந்தாயிற்று. ஸ்பெயினில் நிஜமாகவே ஆரஞ்சுத் தோல் சேர்த்துச் செய்யும் ஒயின் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலோ 'ஆரஞ்சு' என்று ஒரு ஊரே இருக்கிறது, அங்கே திராட்சைத் தோட்டங்களும் இருக்கின்றன!

இந்த முறையின் தாய்வீடு ஜார்ஜியா. திராட்சையைத் தோலோடு பெரிய மண் தாழிகளில் கொட்டி, தாழியையே மண்ணுக்குள் புதைத்து வைப்பது அங்கே வழக்கம். 2013-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. இத்தாலியின் ஸ்லோவேனிய எல்லையில் ஒயின் செய்யும் யோஷ்கோ கிராவ்னர் 2000-ல் ஜார்ஜியா போய்ப் பார்த்துவிட்டு வந்து, நவீன இயந்திரங்களை ஓரங்கட்டித் தாழிக்கு மாறினார். அந்த அலை ஹங்கேரியையும் தொட்டது.

ஆனால், ஹங்கேரிக்குத் தோல் ஊறல் ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. அதன் பெருமைக்குரிய டோகாய் ஒயினின் கதையே ஊறலில்தான் தொடங்குகிறது.

நாட்டின் வடகிழக்கில், பழைய எரிமலை மண்ணில் இருக்கிறது டோகாய் பகுதி. போட்ரோக், திஸா என்ற இரண்டு ஆறுகள் அங்கே சந்திக்கின்றன. இலையுதிர் காலக் காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறும், மதியம் வெயில் அடிக்கும். இந்த ஈரமும் வெயிலும் மாறி மாறி வருவதில் திராட்சை மீது ஒருவகைப் பூஞ்சை படரும். வேறு ஊராக இருந்தால் விவசாயி தலையில் கை வைத்துக்கொள்வார். டோகாயில் அதற்காகக் காத்திருக்கிறார்கள். பூஞ்சை பிடித்த பழம் நீர் வற்றிச் சுருங்கி, சர்க்கரைப் பாகு போல ஆகிவிடும். அதை ஒவ்வொன்றாகக் கையால் பறித்து, திராட்சைச் சாற்றிலோ ஒயினிலோ ஒன்றிரண்டு நாள் ஊறவைத்துப் பிழிவார்கள். அதுதான் 'அசூ' என்கிற இனிப்பு ஒயின்.

துருக்கியப் படை வருமோ என்ற பயத்தில் 1630 வாக்கில் ஒரு பாதிரியார் அறுவடையைத் தள்ளிப்போட, பழம் பூத்துப்போய்த் தற்செயலாக அசூ பிறந்தது என்று ஊரில் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 1571-ம் ஆண்டு ஆவணத்திலேயே அசூவின் பெயர் இருக்கிறது! 1737-ல் அரச ஆணை போட்டு எந்தெந்த ஊர்த் தோட்டங்கள் டோகாய் என்று எல்லை வகுத்தார்கள். நாட்டின் தேசிய கீதத்தில்கூட டோகாய் வருகிறது. 2002-ல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது.

இவ்வளவு பெருமையும் 20-ம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட கை நழுவிப் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியில் தோட்டங்கள் அரசுப் பண்ணைகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் போயின. கையில் சிறு துண்டு நிலம் வைத்திருந்தவர்களும் விளைந்ததை அரசு நிறுவனத்துக்கே கொடுத்தார்கள். பெரிய சந்தை சோவியத் யூனியன். அங்கே கேட்டது தரம் அல்ல, லிட்டர் கணக்கு. டிராக்டர் ஏறாத செங்குத்துச் சரிவுகளைக் கைவிட்டு, சமதளத்தில் கொடி நட்டார்கள். நல்ல திராட்சை விளைந்ததோ அந்தச் சரிவுகளில்தான்.

1990-களில் கதவு திறந்தது. வெளிநாட்டுப் பணம் வந்தது. உள்ளூர்க் குடும்பங்கள் பழைய சரிவுகளைத் தேடிப்போய்ப் புதர் வெட்டி மறுபடி நட்டன. ஆனால், உலகம் அதற்குள் மாறிவிட்டது. இனிப்பு ஒயினுக்கு முன்பு போல ஆள் இல்லை. மூடுபனி ஏய்த்த வருஷத்தில் பூஞ்சையும் வராது, அசூவும் இல்லை. அதை மட்டும் நம்பி வீடு நடத்த முடியுமா?

அதனால்தான் அதே ஃபுர்மின்ட் திராட்சையில் இனிப்பில்லாத ஒயின் செய்யத் தொடங்கினார்கள். அடுத்த தலைமுறையில் சிலர் இன்னும் ஓர் அடி போய்த் தோலோடு ஊறவைக்கிறார்கள். ஃபுர்மின்டுக்குப் புளிப்பு அதிகம். தோலின் துவர்ப்பையும் தாங்கி நிற்க அந்தப் புளிப்பு உதவுகிறது. இன்னொரு திராட்சையான ஹார்ஷ்லெவெலூ, வாசனைக்காரி. மேற்கே ஷோம்லோ என்ற அணைந்துபோன எரிமலைக் குன்றின் யுஹ்ஃபர்க் திராட்சையும் புளிப்புக்குப் பேர் போனது. நீளக் குலையின் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் அது, 'ஆட்டு வால்' என்று அர்த்தம்!

ஆபத்து இல்லாமல் இல்லை. வாரக்கணக்கில் தோலோடு கிடக்கும் சாற்றில் காற்றோ கெட்ட கிருமியோ புகுந்தால் மொத்தமும் வினிகர்தான். சின்னத் தோட்டக்காரருக்கு ஒரு தொட்டி போனால் வருஷ உழைப்பில் பெரும்பங்கு போன மாதிரி. அது தப்பினாலும் அடுத்த சோதனை காத்திருக்கிறது. ஐரோப்பாவின் பல பகுதிகளில், ஊர்ப் பெயரை லேபிளில் போட ஒயின் ஒரு சுவைக்குழுவிடம் பாஸாக வேண்டும். வடிகட்டாமல் கலங்கலாக, வெள்ளையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் வந்து நிற்கும் ஒன்றைக் குழு எப்படிப் பார்க்கும்? தேறாவிட்டால் ஊர்ப் பெயர் கிடையாது. அந்தப் பெயருக்காகத்தானே அந்தச் சரிவில் ஏறினார்கள்!

டோகாயின் பாதாள அறைகளில் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, கம்பளி போர்த்தியது போல. யாரும் அதைத் துடைப்பதில்லை. ஒயினின் ஆவியில் வளரும் பூஞ்சை அது, வீட்டு ஆள் மாதிரி. வேடிக்கை என்னவென்றால், ஆரஞ்சு ஒயினுக்குப் போகும் பழத்தில் மட்டும் பூஞ்சை இருக்கவே கூடாது. மாதக்கணக்கில் ஊறப்போவது தோல்தானே, அது சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆக, ஒரே சரிவுக்கு இரண்டு நடை. முதலில், மூடுபனி இறங்கும் முன்பே நல்ல குலைகள் கீழே வந்துவிடுகின்றன. மீதிப் பழம் கொடியிலேயே தொங்குகிறது, கெட்டுப்போவதற்காக.