அடுக்களைப் புகையும் குழந்தை வைத்தியர் கடமையும்

நாயாற்றிலே கடற்காற்றுக்குக் குறைவில்லை. ஆலைப் புகைபோக்கிகளோ, நெருக்கமான மோட்டார்ப் போக்குவரத்தோ அங்கில்லை. ஆகவே, காற்று மாசடைதல் கொழும்புக்கும் டில்லிக்கும் உரிய தொல்லை; வன்னிக் கரையோர மக்களுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று எம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று. எம் குழந்தைகளுக்குக் கேடு விளைப்பதுமாகும்.

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கடல் கடந்து வந்த புகைமூட்டம் இத்தீவின்மேற் கவிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களிற் குளிர் தாங்காது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான கால்நடைகள் மடிந்ததை எம் விவசாயப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்புகைமூட்டம் சில நாட்களில் அகன்றது. ஆனால் ஆண்டு முழுவதும் அகலாத புகையொன்று எம் வீடுகளிலேயே இருக்கின்றது. அதுவே அடுக்களைப் புகை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாடு, விறகைக் கைவிட்டோரையும் மீண்டும் அதனிடம் துரத்தியது. மாரியில் விறகு ஈரமாகும், கதவும் சாத்தப்படும், புகை உள்ளேயே தங்கும். அப்புகையின் நடுவே தாயின் இடுப்பிலே குழந்தை இருக்கின்றது. வளர்ந்தவரினும் விரைவாக மூச்சுவிடும் குழந்தை, முதிராத தன் நுரையீரலினுள் அந்நுண்துகள்களை இழுக்கின்றது. மாசடைந்த காற்றினால் நேர்ந்த சுவாச நோய்களால் 2016ஆம் ஆண்டில் மட்டும் 15 வயதிற்குட்பட்ட ஏறத்தாழ 6 இலட்சம் சிறுவர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது.

இருமலும் இழுப்புமாகக் குழந்தை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றது. மருந்து கொடுக்கப்படுகின்றது. நோய் தணிந்த குழந்தை அதே அடுக்களைக்குத் திரும்புகின்றது. மறுமாதம் மீண்டும் வருகின்றது. “வீட்டில் எந்த அடுப்பு? புகை போக வழியுண்டா?” என்று தாயிடம் கேட்டவர் யார்? கேட்டதை எழுதி வைத்தவர் யார்?

இக்கேள்வியின் பெறுமதியை இலண்டன் மாநகரில் நடந்த ஒரு மரண விசாரணை உணர்த்தும். நெரிசலான வீதியருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி பலமுறை வைத்தியசாலை சென்றும் 2013இல் தொய்வு நோயால் இறந்தாள். முதல் விசாரணையிற் காற்றைப் பற்றிய பேச்சே எழவில்லை. தாயின் விடாமுயற்சியால் அத்தீர்ப்பு 2019இல் நீக்கப்பட்டது. மறுவிசாரணை நடத்திய அதிகாரி, காற்று மாசும் அம்மரணத்திற்குக் காரணமென 2020 டிசெம்பரிற் தீர்ப்பளித்தார். மாசுக் காற்றின் தீங்கை வைத்தியத் துறையினர் நோயாளருக்கும் பெற்றோருக்கும் போதியளவு எடுத்துரைப்பதில்லை என்றும் அவர் 2021இற் சுட்டிக்காட்டினார். அறிந்திருந்தால் வீட்டையே மாற்றியிருப்பேன் என்பது அத்தாயின் நிலை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை.

வைத்தியரின் பதிவு சட்டத்தையே அசைக்கும் என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் ஹேர்பேர்ட் நீடில்மன், சிறுவரின் பாற்பற்களிற் படிந்த ஈயம் அவர்தம் அறிவாற்றலைக் குன்றச் செய்வதை 1979இல் வெளிப்படுத்தினார். அவர்மீது குற்றஞ் சாட்டினர், விசாரித்தனர், அவர் நேர்மை நிலைபெற்றது. ஈயங்கலந்த பெற்றோல் காலப்போக்கில் உலகெங்கும் ஒழிந்தது. இலங்கையில் அது 2002இல் நின்றது.

எமது சட்டம் எங்கே நிற்கின்றது? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 2008இல் விதிக்கப்பட்ட பிரமாணம், ஒரு நாளைய சராசரியாகக் கன மீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் நுண்துகளை அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவோ 15 மாத்திரமே. அன்றியும், அச்சட்டப் பிரமாணம் வெளிக்காற்றுக்கே உரியது. அடுக்களை வாசலோடு சட்டம் நின்றுவிடுகின்றது. உள்ளே செல்லக்கூடியது வைத்தியரின் கேள்வி ஒன்றே.

ஆகவே நாம் கோருவது இதுவே. சுவாச நோயுற்ற ஒவ்வொரு குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டிலும், உடல்நிறையும் தடுப்பூசியும் எழுதப்படுவதுபோல, வீட்டின் அடுப்பும் புகைவழியும் எழுதப்படல் வேண்டும். வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் அதனைக் கண்டறியலாம். ஏழைத் தாயைக் குற்றஞ் சாட்டுவதற்கன்று இது. விறகை உலர்த்தல், குழந்தையை அடுப்பினின்று விலக்கல், அனகி அடுப்பு, கூரைப் புகைபோக்கி என இயன்றதை அவளுக்குச் சொல்வதற்கே. இயலாததை அரசாங்கத்திடம் கேட்பதற்கு அப்பதிவுகளே ஆதாரமாகும். புகைபோக்கியில்லா அடுக்களைகளோடு எழும் வீடமைப்புத் திட்டங்களையும், திறந்த வெளியிற் குப்பை எரிப்பதையும் எதிர்த்து வைத்தியர்கள் அவ்வேட்டைக் கையிலேந்திப் பேசுவார்களாயின், மறுத்துரைக்க எவரால் இயலும்? சான்றில்லா வழக்கு நில்லாது. சான்றுள்ள வழக்கைத் தள்ளுதல் எளிதன்று.

வைத்தியப் பற்றாக்குறையும் வேலைப் பளுவும் நாம் அறியாதவையல்ல. ஆயினும் ஒரு கேள்விக்கும் ஒரு வரிக்கும் வேண்டிய நேரம் மிகச் சிறிது. அவ்வரியை எழுத மறந்தால், அதே குழந்தைக்கு அதே மருந்தை ஆண்டுதோறும் எழுத நேரிடும்.