டென்ட்டுக்குள் கரன்ட்... வெயிலை எவ்வளவு நம்பலாம்?

"டிசம்பர் லீவில் கொடைக்கானல் பக்கம் இரண்டு இரவு டென்ட்டில் தங்கப் போகிறோம். மாமனாருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் பிரச்னை இருப்பதால், ராத்திரி முழுக்க சிபாப் மெஷின் ஓட வேண்டும். சோலாரில் சார்ஜ் ஆகிற பவர் ஸ்டேஷன் வாங்கலாம் என்று இருக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

பெரிய பவர் பேங்க், சின்ன இன்வெர்ட்டர், சோலார் சார்ஜர் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தால் அதுதான் பவர் ஸ்டேஷன். விலை பல ஆயிரம். அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

தொட்டியும் குழாயும்

பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்-ஹவர் என்பது தொட்டியின் கொள்ளளவு. வாட்ஸ் என்பது குழாயின் அகலம். 'ஆயிரம் வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், வாட்-ஹவர் 300தான் என்றால் பாதி ராத்திரியில் தொட்டி காலி.

சில விளம்பரங்களில் '80,000 எம்.ஏ.ஹெச்' என்று மலைக்க வைப்பார்கள். அதை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் 296 வாட்-ஹவர். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது வாசகியின் கணக்கைப் போடுவோம். ஈரப்பதச் சூடேற்றியை அணைத்து வைத்தால், சிபாப் மெஷின் சுமார் 40 வாட்ஸ் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்துக்கு 320. நான்கு செல்போன்களுக்கு 80. இரண்டு எல்.இ.டி. விளக்குகளுக்கு 50. ஆக ஒரு இரவுக்கு 450 வாட்-ஹவர். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும் என்பதால் 0.85ஆல் வகுத்தால் சுமார் 530. இரண்டு இரவுக்கு 1,060.

சூடேற்றியை அணைக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பல மெஷின்களுக்கு டி.சி. கேபிள் தனியாகக் கிடைக்கும். அதில் ஓட்டினால் இன்வெர்ட்டர் விழுங்குவது மிச்சம். எலெக்ட்ரிக் கெட்டிலை மட்டும் மறந்துவிடுங்கள். 1,500 வாட்ஸ் கேட்கும். டீக்குச் சின்ன கேஸ் அடுப்பே போதும்.

வெயில் தருவது எவ்வளவு?

100 வாட்ஸ் பேனல் 100 வாட்ஸ் தராது. அந்த எண் ஆய்வகத்தில் அளந்தது. வெளியே 60, 70 கிடைத்தால் நல்ல வெயில் என்று அர்த்தம். 5 மணி நேரம் அப்படி அடித்தாலும் 350 வாட்-ஹவரைத் தாண்டாது. அதாவது, முதல் இரவில் செலவானது மறுநாளில் திரும்பாது. கொடைக்கானலில் மேகம் மூடினால் அதில் கால்வாசி வருவதே சந்தேகம். மரக்கிளையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே கரன்ட் சட்டென்று இறங்கிவிடும்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு வேண்டியதை பேட்டரி தாங்க வேண்டும்; வசதிக்கு வேண்டியதை வெயில் தரட்டும். மாமனாரின் மெஷினுக்கு இரண்டு இரவுக்கான கரன்ட்டும் வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போக வேண்டும். 1,000 வாட்-ஹவருக்கு மேல் உள்ள பெட்டிதான் இவர்களுக்குச் சரி. எடை 10 முதல் 15 கிலோ வரை இருக்கும். கார் போகும் இடமாகப் பார்த்து டென்ட் போடுங்கள். மூச்சுப் பிரச்னை இல்லாத குடும்பத்துக்கு 300 வாட்-ஹவர் பெட்டியும் 100 வாட்ஸ் பேனலும் தாராளம்.

கடையில் கேட்க வேண்டியவை

* பேட்டரி என்ன வகை? லித்தியம் அயன் பாஸ்பேட் என்றால் கொஞ்சம் கனம். ஆனால் சூட்டைத் தாங்கும், ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம்.

* சோலார் வழியாக அதிகபட்சம் எத்தனை வாட்ஸ் ஏறும்? 100தான் என்றால், 200 வாட்ஸ் பேனல் மாட்டியும் பயனில்லை.

* எத்தனை வோல்ட் வரை தாங்கும்? பேனலின் பின்பக்கம் 'ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்' என்று ஓர் எண் இருக்கும். அது பெட்டியின் வரம்புக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் பெட்டி பழுதாகலாம். குளிரில் இந்த வோல்டேஜ் இன்னும் ஏறும். அதனால் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

* 'ப்யூர் சைன் வேவ்' இன்வெர்ட்டரா? மருத்துவக் கருவிக்கு அதுதான் பாதுகாப்பு.

'அமெரிக்காவிலிருந்து வருகிற மகன் வாங்கி வரட்டுமே' என்று நினைக்காதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. தவிர, 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் போட முடியாது.

கிளம்பும் முன்

பேனல் வெயிலில் காயட்டும். பவர் ஸ்டேஷன் நிழலில் இருக்கட்டும். பூட்டிய காருக்குள் வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். ஊர் திரும்பியதும் பாதி சார்ஜில் எடுத்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மழைக்காலக் கரன்ட் கட்டுக்கும் உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒத்திகை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பெட்டியை முழுசாக சார்ஜ் ஏற்றி, மாமனாரின் மெஷினை ஒரு ராத்திரி அதிலேயே ஓட விடுங்கள். கூடவே செல்போன், விளக்கு எல்லாம். காலையில் பாதிக்கு மேல் மீதம் இருந்தால் கிளம்பலாம். பாதிக்குக் கீழே என்றால், இரண்டாவது இரவுக்குக் கரன்ட் உள்ள அறையாகப் பார்த்து புக் செய்யுங்கள்.