கொல்லைப்புறக் காடு

‘கேரவன்’ என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவு வருவது, படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளுகுளு வண்டிதான். பாண்டுப்பில் என் தெருக்கோடியில் நிற்கும் கேரவன் வேறு ஜாதி. ஏழு பேர் உட்காரும் சாதாரண வேன். இருக்கைகளை மடக்கினால் மெத்தை விரிக்கலாம். உள்ளே ஓர் அடுப்பு, இரண்டு தண்ணீர் கேன், ஓர் இட்லிப் பானை. பின்கதவில் இரண்டு மலைச் சைக்கிள்கள். (மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ‘மலை மிதிவண்டி’ என்று எழுத வேண்டும். தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.)

சொந்தக்காரர்கள் ஐம்பதை நெருங்கும் நெல்லைத் தம்பதி. வண்டியின் கட்டமைப்பில் அவர்கள் கைவைக்கவில்லை. தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்தது. கேரளம் அதே ஆண்டு ‘கேரவன் கேரளா’ தொடங்கியது. இரண்டுமே பெரிய வண்டிகளையும் வாடகைச் சுற்றுலாவையும் மனதில் வைத்தவை. இட்லிப் பானையோடு புறப்படும் குடும்பத்துக்கு நெடுஞ்சாலையில் நிம்மதியாக வண்டி நிறுத்தி உறங்க ஓர் இடம் வேண்டும். அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கசாரா கணவாய் ஏறி பண்டார்தரா போய் ஏரிக்கரையில் மூன்று நாள் சைக்கிள் விட்டுத் திரும்பிய பிறகு அந்த அம்மாள் சொன்னார்: “அண்ணாச்சி, அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்தாச்சு. வீட்டுக்குப் பின்னால இருக்க காட்டுக்குள்ள ஒருநாளும் போனதில்ல.”

காரணம் எளிது. கணவருக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கும் அன்றுதான்!

பாண்டுப்வாசிகளுக்குக் காடு என்பது மேற்கே தெரியும் பச்சை மலை, அதிலிருந்து வரும் சிறுத்தை பற்றிய பேச்சு, குழாயில் வரும் தண்ணீர். சுமார் 104 சதுர கி.மீ. காடு பெருநகரின் நடுவே பிழைத்ததற்குத் தண்ணீரே முக்கியக் காரணம். 1860இல் விஹார் ஏரியும் 1879இல் துளசி ஏரியும் குடிநீருக்காக உருவாயின. அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டியிருந்ததால் மரங்கள் தப்பின. நகரின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆலை பாண்டுப்பில்தான் இருக்கிறது.

ஆனால் பிரதான வாசல் மலைக்கு அந்தப் பக்கம், போரிவலியில். கணவர் ஒருநாள் விடுப்பெடுக்க, ஜோகேஸ்வரி-விக்ரோளி சாலை வழியாக வேன் சுற்றிப் போனது. உள்ளே கான்ஹேரி குகைகள் வரை சுமார் 6 கி.மீ. தார்ச்சாலை, கடைசியில் நல்ல ஏற்றம். சைக்கிளை வாடகைக்கும் தருகிறார்கள். அம்மாள் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினாராம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், தெரு முழுக்க அதையே பேசினார்.

கணவருக்குத்தான் குறை. “தார் ரோட்டுல விடறதுக்கு எதுக்கு மலைச் சைக்கிள்?”

கேள்வி நியாயமானது. இந்த விளையாட்டே தார் இல்லாத பாதையில் பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் இளைஞர்கள் பழைய பருமன்டயர் சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய் மண்பாதையில் கீழே விட்டார்கள். 1976இல் பந்தயமே தொடங்கியது. ஒருமுறை இறங்குவதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது அதனால்தான். சில ஆண்டுகளில் நடைப்பயணிகளோடு தகராறு முற்றியது. அந்தச் சைக்கிள் பிறந்த அதே மாவட்டத்தில் பல ஒற்றையடிப் பாதைகள் அதற்கு மூடப்பட்டன.

போரிவலி காட்டில் நடைப்பயணியைவிட முக்கியமானவர் இருக்கிறார். 2018இல் தானியங்கிக் கேமரா வைத்து எண்ணியபோது பூங்காவிலும் அதையொட்டிய பகுதியிலும் 47 சிறுத்தைகள் பதிவாயின. புதர் நடுவே ஓசையின்றி, வேகமாகத் திரும்பும் சக்கரம் அவற்றுக்கும் நல்லதல்ல, ஓட்டுபவருக்கும் நல்லதல்ல. மழையில் கரையும் செம்மண் சரிவைச் சக்கரம் உழுதால் தடம் ஓடையாகிவிடும். எனவே கணவரின் கட்சியில் நான் இல்லை. சக்கரம் சாலையிலேயே இருக்கட்டும்.

அம்மாள் கேட்பது வேறு. இந்தப் பக்கமும் ஒரு வாசல். இதில் நான் அவர் பக்கம், ஆனால் தயக்கத்தோடு. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1997இல் உயர்நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டு, ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. குடிசைக்காரரை வெளியேற்றிய காட்டுக்குள் கியர் சைக்கிள்காரருக்குத் தனி வாசல் என்றால் கேட்க உறுத்துகிறது. வாசல் திறந்தால் பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கும் அதே வாசல், குறைந்த வாடகையில் சைக்கிள் என்றிருக்க வேண்டும்.

கார்களுக்கு வழி தயாராகி வருகிறது. கோரேகாவ்-முலுண்ட் இணைப்புச் சாலைக்காகக் காட்டின் அடியில் 4.7 கி.மீ. நீள இரட்டைச் சுரங்கம். பணிக்கு 2024 ஜூலையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். போரிவலிக்கு இனிச் சுற்ற வேண்டாம் என்று கணவர் கணக்குப் போடுகிறார். அம்மாள் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு விடுப்புக் கேட்டிருக்கிறார். அவருக்கல்ல, கணவருக்கு.