திறந்த கைபேசியின் மூடிய பாதி

மைசூருவில் தேவராஜ அர்ஸ் சாலையின் சிறு கடை ஒன்றில், கைபேசி பழுதுபார்ப்பவர் உயிரற்ற பலகையை நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார். எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்வது உற்பத்தியாளர் அல்லர். சந்தா கட்டிப் பெறும் சீன மென்பொருளில் எங்கிருந்தோ கசிந்து வந்த சுற்று வரைபடம். அந்நகருக்கு அண்மையில் உள்ள நஞ்சன்கூட்டில் ஆஸ்திரிய நிறுவனம் ஒன்று மின்சுற்றுப் பலகைகளையே தயாரிக்கிறது. பலகை பிறக்கும் ஊருக்குப் பக்கத்தில் பலகையின் படம் களவுப் பொருள்!

‘திறந்த மூலம்’ என்ற சொல்லைக் கொண்டாடும் அறிவுலகம் இந்தக் கடையை எட்டிப் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டின் அடியில் லினக்ஸ் இருப்பதே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. மூல நிரலைப் படிக்க உரிமை உண்டு. அந்நிரல் ஓடும் சிப்பின் ஆவணத்தைப் படிக்க உரிமை இல்லை. சாதனம் ஏன் விழிக்கவில்லை என்று கேட்பதற்குரிய சீரியல் முனை எங்கே இருக்கிறது என்பதும் இரகசியம். இதற்குத் திறப்பு என்று பெயரா?

2008 ஜூலையில் விற்பனைக்கு வந்த ஓப்பன்மோக்கோவின் ‘நியோ ஃப்ரீரன்னர்’ வேறு வழியைக் காட்டியது. அதன் சுற்று வரைபடம் பொதுவில் வைக்கப்பட்டது. ஜேடேக் வழியாகவும் சீரியல் வழியாகவும் உள்ளே நுழைவதற்குத் தனிப் பலகையும் விற்கப்பட்டது. கைபேசி குறைபாடுகளோடுதான் வந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைப் பிடிக்கத் திணறியது. நினைவக அட்டையின் கடிகாரத் துடிப்பே இரைச்சலாகிச் சமிக்ஞையை மூழ்கடிக்கிறது என்று கண்டறியப்பட்டது. மென்பொருளில் ஒரு திருத்தமும் பலகையில் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றும் அதற்குத் தீர்வாயின. உறக்க நிலைக்குச் செல்லும்போதெல்லாம் மோடம் வலையமைப்பை இழந்து மீண்டும் மீண்டும் பதிவு செய்துகொண்டிருந்ததால் மின்கலம் விரைவில் தீர்ந்தது. அதையும் வாங்கியவர்களே சால்டரிங் அயனை எடுத்துச் சரிசெய்தார்கள். மூடிய கைபேசியில் இதே குறைகள் நேர்ந்திருந்தால் ‘புதிய மாடல் வாங்குங்கள்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்கும்.

ஆயினும் அதே கைபேசிக்குள் கலிப்ஸோ மோடத்தின் ஃபர்ம்வேர் பூட்டியே இருந்தது. வரைகலைச் சிப்பின் ஆவணம் இரகசிய ஒப்பந்தத்துக்குள் முடங்கியது. உடைமையாளர் தொடக்கூடிய இடத்தில் குறைகள் தீர்ந்தன. தொட முடியாத இடத்தில் நிறுவனத்தின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவோர் உண்டு. பிழைதேடும் முனை திறந்திருந்தால் திருடனுக்கு வழி கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை உள்ளது: காவலற்ற ஜேடேக் முனை வழியே நினைவகத்தைப் படித்துவிட முடியும். ஆனால் கேள்வி பூட்டு வேண்டுமா என்பதன்று, சாவி யாரிடம் என்பதே. பைன்ஃபோனின் பின்மூடியைக் கழற்றி ஒரு நுண் விசையைத் தள்ளினால் ஹெட்ஃபோன் துளையே சீரியல் முனையாகிவிடும். தள்ளுவதும் தள்ளாததும் உடைமையாளரின் முடிவு. வரைபடத்தை மறைப்பதோ சந்தா கட்டத் தயங்கும் நேர்மையாளரை மட்டுமே தடுக்கிறது.

இத்தகைய சாதனங்கள் சந்தையில் தோற்றன என்பது அடுத்த வாதம். தோற்றன, உண்மை. 2001இல் பெங்களூருவில் அறிமுகமான சிம்ப்யூட்டரும் பெரிய அளவில் விற்கவில்லை. அது கைபேசி அன்று, கையடக்கக் கணினி. எனினும் வன்பொருள் வடிவமைப்பைப் பிறர் மாற்றியமைக்கவும், மாற்றியதைக் குறித்த காலத்துக்குப்பின் வெளியிடவும் கட்டாயப்படுத்தும் உரிமத்தை அந்த ஆண்டுகளிலேயே இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் உள்ளிட்டோர் எழுதிவைத்தார்கள். மைசூருவிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் நடந்த அந்த முயற்சியை இன்றைய மின்னணுவியல் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022இல் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாயிலும் திறந்தது. பயனர் கையேடும் சேவை மையத்தின் தொலைபேசி எண்ணும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருப்பவருக்கு எதற்கு? கைபேசி உற்பத்திக்கான ஊக்கத்தொகைத் திட்டத்தை அரசு 2020இல் கொண்டுவந்தது. பொதுப் பணம் பெறும் ஒவ்வொரு மாடலுக்கும் சுற்று வரைபடம், சோதனை முனைகளின் விவரம், ஆதரவு முடியும் நாளில் பூட்டைத் திறக்கும் சாவி ஆகிய மூன்றையும் வெளியிட வேண்டும் என அந்த ஆணையிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்.