பின் பாரை மாற்ற முதல் பின் டயரைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருக்கும் தம்பிமார், கார் வாங்க காசு சேர்க்கும் தம்பிமார் கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் நாலு சேர்மார் ஒரே காரில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறோம். கணித சேரின் மாருதி 800. பெற்றோல் காசை நாலாகப் பிரித்துக் கொள்வோம், ரிப்பெயார் செலவையும் அப்படித்தான். அதனால் அந்தக் காரின் நட்டு, போல்ட் எல்லாம் நாலு பேருக்கும் தெரியும். கார் பற்றி எழுத எங்களுக்கு உள்ள தகுதி அவ்வளவுதான்.

விசயம் இதுதான். எங்களிடம் படித்த தம்பி ஒருவர் போன வருடம் பழைய ஜப்பான் கார் ஒன்று எடுத்தார். முன் சில்லு இழுக்கும் கார். வளைவில் பொடி சாய்கிறது என்று அவருக்குக் கவலை. யாரோ சொல்லி, பின்னால் இருந்த 14 மில்லிமீற்றர் ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிவிட்டு 19 மில்லிமீற்றர் பார் ஒன்று போட்டார். போட்ட அன்று எங்களைத் தேடி வந்தார். "சேர், கார் ரோட்டுல ஒட்டின மாதிரி போகுது. வாங்க ஒரு ரவுண்ட் போவம்."

போனோம். பொய் சொல்லக் கூடாது, உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உள்ளே போகிறது. சாய்வே இல்லை. எங்கள் மாருதியில் வளைவெடுத்தால் பின் சீற்றில் இருக்கும் இரண்டு பேரும் ஒருவர் மடியில் ஒருவர். இது வேறு உலகம்.

பிறகு மாரி மழை வந்தது. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, நனைந்த ரோட்டில், வழக்கமாகப் போகும் வளைவில் வேகம் கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைத்து எக்ஸலேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்திருக்கிறார். பின்பக்கம் தனியாகக் கழன்று வந்தது போல் சுற்றிவிட்டது. கார் வாய்க்காலைத் தாண்டி வயலுக்குள். அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து சீற்றில் அவருடைய உம்மா இருந்தார்.

பாரை விற்ற கடைக்காரரோ, போட்டுக் கொடுத்த பாஸோ இதைப்பற்றி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

இந்தப் பார் என்பது ஒரு வளைந்த இரும்புக் கம்பி, அவ்வளவுதான். இடது சில்லையும் வலது சில்லையும் இணைக்கிறது. இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும், ஒன்றும் செய்யாது. ஒரு சில்லு மேலே போய் மற்றது கீழே போனால், ஈரத்துணியைப் பிழிவது போல் கம்பி முறுகும். அந்த முறுக்கத்தின் எதிர்ப்புத்தான் பொடி சாயாமல் பிடிப்பது.

ஆனால் தடிப்பைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைக்கிறார்கள். 14இல் இருந்து 19 என்றால் "அஞ்சு மில்லிமீற்றர்தானே" என்கிறார்கள். திண்மக் கம்பியின் முறுக்க விறைப்பு விட்டத்தின் நாலாம் வலுவோடு கூடும். 19ஐ 14ஆல் வகுத்து, வருவதை நாலு தடவை பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 3.4 வரும். மற்ற அளவெல்லாம் அப்படியே இருந்தால் தம்பி போட்டது மூன்று மடங்குக்கு மேல் விறைப்பான பார். 20இல் இருந்து 22க்குப் போனால்கூட 46 வீதம் கூடிவிடும். கணித சேர் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினபோது தம்பி தலையில் கை வைத்தார்.

அடுத்தது இதைவிட முக்கியம். பார் போட்டால் டயருக்குப் பிடிமானம் கூடும் என்ற நம்பிக்கை. வளைவில் உள் சில்லில் இருந்து வெளிச் சில்லுக்குப் பாரம் மாறும். மொத்தம் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பது காரின் உயரம், சில்லுகளுக்கு இடையிலான அகலம், நீங்கள் வளைவெடுக்கும் வேகம். அந்த மொத்தத்தைப் பாரால் பெரிதாக மாற்ற முடியாது. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் பாரின் வேலை.

டயரின் குணம் என்னவென்றால், பாரம் இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, அதற்குக் குறைவாகத்தான் கூடும். அதனால் எந்தப் பக்கம் விறைப்பான பார் இருக்கிறதோ அந்தப் பக்கத்து இரண்டு டயரும் சேர்ந்து தரும் பிடிமானம் குறைகிறது. முன் பாரைத் தடிப்பாக்கினால் வளைவில் மூக்கு வெளியே தள்ளும். பின் பாரைத் தடிப்பாக்கினால் வால் வெளியே வரும். தம்பிக்கு மூக்கு உள்ளே போனது எப்படி என்றால், பின்பக்கத்துப் பிடிமானத்தில் கொஞ்சத்தை விற்றுத்தான் வாங்கினார்.

கம்பெனிக்காரன் குடும்பக் கார்களை மூக்கு தள்ளும்படி விடுவது தெரியாமல் இல்லை. மூக்கு தள்ளினால் பயந்தவர் செய்கிற வேலை காலை எடுப்பது. எடுத்தால் கார் பாதைக்குத் திரும்பும். வால் வெளியே வந்தால் அதே காலை எடுப்பதுதான் ஆளைச் சுற்றிவிடும்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஷெவ்ரலே கோர்வெயார், எஞ்சின் பின்னால் இருந்த கார். 1960 முதல் 1963 வரை வந்தவற்றில் முன் பார் வழக்கமாகப் பொருத்தப்படவில்லை. அதற்குப் பதிலாக முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 என்று காற்றை வித்தியாசமாக அடிக்கச் சொன்னார்கள். எத்தனை பேர் ஒழுங்காக அடித்திருப்பார்கள்? 1964இல்தான் முன் பார் வந்தது. 1965இல் ரெல்ப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றித்தான். அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமில்லை என்று 1972இல் அங்கே அரச ஆய்வொன்று சொன்னது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்கு அதில் உறைப்பது வேறு: ஒரு இரும்புக் கம்பி செய்ய வேண்டிய வேலையைக் காற்றடிக்கும் மனிதனின் கவனத்தில் விட்டுவிட்டார்கள்.

இனி எங்கள் ஊர்க் கணக்குக்கு வருவோம். 2020இல் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 வரைக்கும் புதுக் கார் வரவில்லை. இங்கே ஓடுவதில் பாதிக்கு மேல் கிழடு தட்டிய வாகனங்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. சாய்கிறது என்று வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது பாரின் புஷ், லிங்க் எப்போது மாற்றினீர்கள் என்பதைத்தான். பள்ளத்தில் டொக் டொக் என்று சத்தம் வந்தால் பார் இருந்தும் இல்லாத மாதிரி. புஷ்ஷும் லிங்கும் ஒரு புதுப் பாரின் விலைக்குக் கிட்டவும் வராது. ஷொக் அப்சோபரையும் பார்த்துவிடுங்கள். எங்கள் மாருதியில் கதை இன்னும் மோசம். அதில் முன் பார் சாய்வைப் பிடிப்பதோடு நிற்காது, கீழ்க் கையை முன்பின் அசையாமல் பிடிப்பதும் அதே பார்தான். புஷ் தேய்ந்திருந்த காலத்தில் பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். நாங்கள் பிரேக்கைக் குற்றம் சொல்லி இரண்டு தடவை காசு கொடுத்தோம். கடைசியில் ஒரு வயசாளி காக்கா கீழே படுத்துப் பார்த்து, "இது பார் புஷ் மகன்" என்றார்.

அடுத்தது டயர். தம்பியின் கார் வயலில் இருந்து வந்த பிறகுதான் பார்த்தோம். முன்னுக்கு இரண்டு புது டயர், பின்னுக்கு மொட்டை. "முன்னுக்குத்தானே இழுக்குது சேர்" என்றார். இழுப்பது முன்தான், ஆனால் மழையில் வாலைப் பிடித்து வைத்திருப்பது பின் டயர். நல்ல சோடி பின்னுக்குப் போக வேண்டும். எனவே பாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. மொட்டை டயரும் மூன்று மடங்கு பாரும் சேர்ந்து செய்த வேலை அது.

இதெல்லாம் சரியாக இருந்து, இன்னும் ஆசை இருந்தால் மாற்றுங்கள். "சேர்மார் கிழவன் கதை கதைக்கிறாங்க" என்று கீழே எழுத ஒருவர் வருவார், தெரியும். நாங்கள் எதிரில்லை. முன் இழுக்கும் காரில் பின் பாரை ஒரு படி கூட்டுவது நல்ல மாற்றம்தான். மலை வளைவில் உள் முன் சில்லு சும்மா சுழல்வதும் குறையும். ஒரு படி என்றால் இரண்டு மில்லிமீற்றர். துளைகள் உள்ள பார் என்றால் நுனித் துளையில் இருந்து தொடங்குங்கள், கை நீளமானால் மென்மை. இரு பக்கமும் ஒரே துளை. வாகனம் சில்லில் நிற்கும்போதுதான் றப்பர் புஷ்ஷை இறுக்க வேண்டும், ஜக்கில் தொங்கும்போது இல்லை. விட்ஸ், அக்வா, ஃபிட் மாதிரிக் கார்களில் பின்னால் இருக்கும் முறுக்கு பீமே பாதிப் பார் வேலை செய்கிறது, அதற்கு மேல் கூட்டுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு சில்லு வாங்கும் அடியை விறைப்பான பார் மற்றச் சில்லுக்கும் கொண்டு போகும், பிள்ளைகளின் தலை இடமும் வலமும் ஆடும்.

பாடசாலை வேன் ஓட்டும் நானாமாருக்கு ஒன்று. உயரமான வேனில் பார் போட்டால் சாய்வு குறையும், ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் வேனின் உயரம் குறையாது. கவிழ்கிற வேகமும் கிட்டத்தட்ட அதேதான், முன்பு சாய்ந்து எச்சரித்தது இப்போது எச்சரிக்காது. மேலே சாமான் கட்டிக்கொண்டு பதினெட்டு வளைவில் இறங்கும்போது அந்தச் சாய்வுதான் உங்களுக்கு மணியடிப்பது.

தம்பி பழைய 14 மில்லிமீற்றர் பாரையே புது புஷ்ஷோடு போட்டுக்கொண்டார், பின்னுக்கு நல்ல டயர் சோடியும் போட்டார். அந்த 19 மில்லிமீற்றர் பார் எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருக்கிறது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு நுனியையும் பிடித்து முறுக்கப் பார்க்கிறார்கள், அசையவில்லை. யாராவது கேட்டால் விற்றுத் தாருங்கள் சேர் என்று தம்பி சொல்லியிருக்கிறார். நாங்கள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.